கரிவண்டியின் மூடி

கொல்லம் 1118, ஆனி 23, புதன்

எனக்கு எழுத்துத் தெரியாது. இதை எழுதுவது ரெபேக்காள். நான் வாயால் சொல்கிறேன், அவள் நோட்டில் இறக்குகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன். அதையும் எழுதிவிட்டாள்.

என் பேர் சொரிமுத்து. வயசு அறுபத்தேழு. நாற்பது வருஷம் மலையில் கரிமூட்டம் போட்டவன். மரத்தை அடுக்கி, மேலே மூடி, உள்ளுக்குள்ளேயே புகைய விட்டுக் கரி எடுக்கிற வேலை. உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகு பஸ்களைக் கரியில் ஓட்டுகிறார்கள். டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு மூலையை வெட்டி எடுத்து, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் கரியைக் கொட்டி, மூடியைத் திருகி இறுக்கி, அடியில் தீ வைத்து, டிரம்மோடு பொருத்தின கைவிசிறியைக் கால்மணி நேரம் சுற்றினால் ஒரு காற்று வரும். குழாய் முனையில் தீக்குச்சி காட்டினால் நீலமாக எரியும். அந்தக் காற்றைக் குடித்துத்தான் இஞ்சின் ஓடுகிறது. எந்தத் தேசத்தான் இதைக் கண்டுபிடித்தானோ, வண்டி மலை ஏறும்போது அவனைத் திட்டாத பிரயாணி கிடையாது. பாதி ஏற்றம் அவர்கள்தான் இறங்கித் தள்ள வேண்டும். கரி தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் என்னை மலையிலிருந்து கூட்டி வந்தார். பதினாலு மாதமாக இந்த வண்டிக்குக் கரி போடுகிறவன் நான். டிரைவர் தேவசகாயம், ரெபேக்காளின் வீட்டுக்காரர்.

முந்தாநாள் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். விடியும்போதே சாரல். டிரம்மில் இரண்டரைச் சாக்கு கொட்டினேன். புளியங்கரி இரண்டு, வேலங்கரி அரை. ஏழரைக்குச் செங்கோட்டையை விட்டுக் கிளம்பினோம். பத்தொன்பது பேர். சாரலுக்காக இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தது. மலையேறும் முன்னால் அரிசிச் சாவடி. மேலே அரிசி கடத்துகிறார்கள் என்று எல்லாரையும் இறக்கி மடியைத் தடவிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கரிச் சாக்குகளையும் இறக்கச் சொல்லிக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம். இஞ்சினை நிறுத்தியாயிற்று, டிரம்மில் தீ இருந்தது. வண்டிக்குள் இருந்தது இரண்டே பேர். ஒருவர் டிரைவர். இன்னொருவர் அவர் பக்கத்து ஆசனத்தில் கடையநல்லூர் பாக்கு வியாபாரி மீராசா ராவுத்தர். முழங்கால் வீக்கம், ஏறி இறங்க முடியாது என்று காவலர்கள் அவரை விட்டுவிட்டார்கள்.

மறுபடி விசிறி சுற்றினேன். மூடியைத் தொட்டுப் பார்த்தேன். கிளம்பினோம். நான் எப்போதும் போலக் கூரையில், சாக்குகளோடு. மூன்றாம் வளைவு வரை சரியாகப் போனது. அப்புறம் வண்டி ரோட்டை விட்டு விலகுவதும் சேர்வதுமாக இருந்தது. ஆறாம் வளைவில் வளையவே இல்லை. நேரே இறங்கித் தேக்கு மரத்தில் மோதி நின்றது. ராவுத்தர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். தேவசகாயத்தை நான்தான் இழுத்துப் போட்டேன். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. வாய் குழறியது. யாரோ கொண்டுவந்த கள்ளுக் கலயம் உடைந்து வண்டி முழுக்க நாற்றம். இன்ஸ்பெக்டர் வந்தார், முகத்தைப் பார்த்தார், மோந்தார். குடித்து ஓட்டி ஆளைக் கொன்றான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தேவசகாயம் ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு ஆறு வருஷம். ஊர் அதை மறக்கவில்லை.

வருகிற ஆனி 32ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கரிவண்டிகளைப் பரிசோதிக்கிற ஆபீசர் வருகிறார். வண்டியில்தான் கோளாறு என்று அவர் எழுதினால் கேஸ் போய்விடும், இல்லாவிட்டால் ஜெயில். ரெபேக்காள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நேற்று நோட்டோடு வந்து, பாட்டையா, உங்களுக்குப் பத்து வருஷத்துக்கு முந்தி பேஞ்ச மழை கூட கிழமையோட தெரியும், ஒண்ணு விடாம சொல்லுங்க, ஆபீசர் கையில குடுப்போம் என்றாள். அன்றன்று நடப்பதையும் எழுத வேண்டுமாம். மத்தியானச் சாப்பாடு எனக்கு அந்த வீட்டில்தான். எப்படி மாட்டேன் என்பது.

கடைசியில், அன்னைக்குக் காலையில மூடி சரியா இருந்திச்சா என்று கேட்டாள். எப்போதும் போல இறுக்கினேன் என்றேன்.

மூடியை ஏன் தொட்டுப் பார்த்தீங்க என்றாள். பழக்கம் என்றேன்.

ஆனி 24, வியாழன்

தேவசகாயத்தை அடைத்து வைத்திருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ரெபேக்காள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டு வந்தாள். காவலர் ஒவ்வொரு துண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

தேவசகாயத்துக்கு நெற்றியில் கட்டு. தலைவலி இன்னும் போகவில்லையாம். பெண்சாதியிடம் ஆட்டைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கேட்டார். அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கம்பிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். சாவடியில் ராவுத்தரோடு பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதைப் பற்றி ராவுத்தர் சொன்னாராம். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லையாம், துடைத்து விட்ட மாதிரி. கள்ளுக்கடையில் விழுந்து கிடந்த நாட்களிலும் இப்படித்தான் இருக்குமாம்.

"பாட்டா, நான் குடிச்சேனா? நீரு பாத்தீரா?"

"குடிக்கல."

"எனக்குத் தெரியல பாட்டா. நீரு சொன்னா சரி."

இவ்வளவுதான் பேச்சு. வரும் வழியில் என்ன கேட்டார் என்றாள். தலைவலி என்று சொன்னார் என்றேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அவள் எழுதிக்கொண்டே அழுகிறாள். இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

ஆனி 25, வெள்ளி

மாடு கட்டி வண்டியை இழுத்து வந்து கம்பெனி ஷெட்டில் போட்டார்கள். டிரம் நசுங்கவில்லை. துடைத்துச் சுத்தம் பண்ணினேன். அது என் வேலை.

வேறொன்றும் இல்லை.

ஆனி 26, சனி

சோறு வைக்கும்போது என் கையைப் பார்த்தாள். நகத்துக்குள் என்ன மண் என்று கேட்டாள். அடுப்பு பூசினேன் என்றேன். உங்க இடத்துல ஏது அடுப்பு என்றாள். ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கிறவன் நான், காலையில் பழையது, மத்தியானம் இந்த வீடு, ராத்திரி பட்டினி. புதிதாக ஒன்று போட்டேன் என்றேன். சரி என்று ரசத்தை ஊற்றினாள்.

இன்றைக்கு மூடியைப் பற்றி நிறையக் கேட்டாள். மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் அஸ்பெஸ்டாஸ் கயிறு ஒன்றைச் சுற்றி வைத்து அமுக்குவோம், காற்று கசியாமல் இருக்க. சண்டையில் அந்தக் கயிறும் கிடைக்காமல் போனது. வைகாசி கடைசியில் எங்கள் கயிறு கருகி நூல் நூலாக வந்தது. மேனேஜரிடம் மூன்று தரம் கேட்டேன். வைகாசி 28, ஆனி 6, ஆனி 15. மூன்றாம் தரம், வேய் சொரிமுத்து, சண்டையை நானா ஆரம்பிச்சேன் என்றார். இதை அவள் சந்தோஷமாக எழுதினாள். ஆபீசர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றாள்.

அப்புறம் பேனாவைத் தூக்கிக்கொண்டு, கயிறு இல்லாம என்ன வச்சு மூடினீங்க என்றாள்.

பழைய கயிற்றையே திருப்பித் திருப்பி வைத்தேன் என்றேன். தலை சுற்றுகிறது, இன்றைக்குப் போதும்.

ஆனி 27, ஞாயிறு

ரெபேக்காள் கோயிலுக்குப் போய்வந்தாள். குடியில் திரும்பி விழுந்துபோன சகோதரனுக்காக உபதேசியார் ஜெபம் பண்ணினாராம். பேர் சொல்லவில்லையாம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்களாம், ஆனால் அவளைப் பார்த்த மாதிரி இருந்ததாம். பாயில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்ததாம்.

எனக்கு இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அப்போ இதையே எழுதிக்கிடுதேன் என்றாள்.

ஆனி 28, திங்கள்

இன்றைக்குத் தம்பி மாடசாமியைப் பற்றிச் சொன்னேன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தி, கார்த்திகை மாசம், வெள்ளிக்கிழமை. மூட்டத்துக்குக் காவல் இருந்தவன், மழைக்காக ஓலைக் குடிசையை மூட்டத்தோடு ஒட்டிப் போட்டுத் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்தான். காலையில் நான் போய்த் தட்டியைத் திறந்தேன். நல்ல சிவப்பாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தான். தூங்குகிறான் என்று காலால் தட்டினேன். கரிக்காற்று. அதற்கு வாசனை கிடையாது, புகையும் கிடையாது. செத்தவன் முகத்தைச் சிவக்க வைத்துவிட்டுப் போகும்.

பேனா நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்போ இவுக முகம் செவந்தது கள்ளுல இல்ல."

இல்லை என்றேன்.

"இழுத்துப் போட்டப்பவே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். ஏழு நாளா ஏன் சொல்லல என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் கேட்பதை என்னிடம் கேட்டாள். காற்று என்றால் மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? சொன்னேன். இஞ்சின் ஓடும்போது அதுவே காற்றை இழுத்துக்கொள்ளும், வெளியே வராது. நிறுத்திவிட்டால் டிரம்முக்குள் தீ கனன்றுகொண்டிருக்கும், மூடியில் இடுக்கு இருந்தால் அந்த வழியாக வரும். சாவடியில் முக்கால் மணி நேரம் எல்லாரும் வெளியே நின்றார்கள். படுதாவுக்குள் இருந்தது டிரைவரும் ராவுத்தரும். டிரம்முக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுபடி விசிறி சுற்றினேன் பாருங்கள், அது இன்னும் தள்ளியிருக்கும்.

எல்லாவற்றையும் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. மூடியில் இடுக்கு இருந்திச்சுன்னு ஆபீசர் கண்ணால பாத்தாப் போதும் என்றாள். நாளைக்கே ஷெட்டுக்குப் போய் மூடியைப் பார்க்கப் போகிறாளாம்.

நீ எதுக்குத் தாயி அங்கே, அது ஆண்கள் இருக்கிற இடம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

ஆனி 29, செவ்வாய்

போனாள். மேனேஜரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். மூடியில் புதுக் கயிறு. வெள்ளை வெளேரென்று, அழுத்தமாக, இடுக்கே இல்லாமல். உங்க வீட்டுக்காரர் குடிச்சதுக்கு எங்க மூடி என்னம்மா செய்யும் என்றாராம்.

அது மேனேஜர் சனிக்கிழமை வைக்கச் சொன்ன கயிறு. ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் அவளிடம், மேனேஜர் ஏமாத்துதார் என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே சொன்னாள்.

"கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான் பாட்டையா. குடிக்கலன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாவ. நான் நம்புவேன். அப்புறம் பாத்தா குடிச்சிருப்பாவ." பிறகு, "குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிரலாம்லா. அதையும் தெரியலங்காவ" என்றாள்.

நோட்டு மூடிக் கிடந்தது. நானாகத்தான் எடுத்துக் கொடுத்து இதை எழுதச் சொன்னேன். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஆனி 30, புதன்

வந்து உட்கார்ந்த உடனே சொன்னேன்.

"எழுது தாயி. சகாயம் குடிக்கல. மூடிக்கு மண்ணு பூசினது நான்."

பேனா நிற்கும் என்று நினைத்தேன். கீறிக்கொண்டே போனது. அதனால் மீதியையும் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பழைய கயிறு கையோடு வந்துவிட்டது. வைக்க வேறொன்றும் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் களிமண் இருந்தது. சாணியும் உமிச்சாம்பலும் சேர்த்துப் பிசைந்து மூடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பூசினேன். மூட்டத்துக்கு அப்படித்தான் பூசுவோம். நாற்பது வருஷத்தில் என் மூட்டம் ஒன்று புகை கசிந்தது என்று ஒருத்தன் சொன்னதில்லை. விசிறி சுற்றும்போது டிரம்மின் சூட்டில் மண் காய்ந்து சட்டி மாதிரி ஆகிவிட்டது. தட்டிப் பார்த்தேன், டங் என்றது. தேவசகாயம் வந்து, மூடி நிக்குமா பாட்டா என்று கேட்டார். மூடுறதைப் பத்தி எங்கிட்டயா கேக்கீரு என்றேன். சிரித்துக்கொண்டு போய் ஏறினார்.

மூட்டம் நின்ற இடத்தில் நிற்கும். வண்டி குலுங்கும். இவ்வளவுதான் விஷயம், அது எனக்குத் தோன்றவில்லை. காய்ந்த மண் குலுங்கினால் என்ன ஆகும் என்று சட்டி சுமக்கிற பெண்பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் நான் துடைத்தது அந்த மண்ணைத்தான். உளி வைத்துச் சுரண்டினேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து செய்தேன். ஜெயிலுக்கும் பயம்தான்.

எழுதி முடித்தாள். மையை ஒற்றினாள். அடிப்பாள், இல்லை வெளியே போ என்பாள் என்று இருந்தேன். எழுந்து போய் அடுப்பங்கரையில் நின்றாள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. வந்து, வழக்கம் போல என் முன்னால் வட்டிலை வைத்துச் சோறு போட்டாள். வட்டிலைப் பார்க்காமல் போட்டதில் பாதி கீழே சிந்தியது. நான் தொடவில்லை.

"சுரண்டின மண்ணு எங்க?"

குளத்தில் போட்டுவிட்டேன் என்றேன்.

"நீங்க இப்போ சொன்னா ஆபீசர் நம்புவாரா? டிரைவர் பெண்டாட்டி சோத்தைப் போட்டுச் சொல்ல வச்சான்னுதான சொல்லுவாவ."

அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

கீழே சிந்திய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். அப்புறம் கேட்டாள்: "மறுபடி மண்ணு கொழைக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

ஆனி 31, வியாழன்

அதே இடத்தில் களிமண் தோண்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, இது வெளியே வந்தால் ராவுத்தரைக் கொன்ற கேஸ் உன் தலையில் விழும், உனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு, ஜெயிலிலா சாகணும் என்றார். பேசாமல் மலைக்குப் போய்விடு, கம்பெனி உன்னைத் தேடாது என்றார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் கொடுத்து அனுப்பினார்.

சாணி கிடைத்தது. உமிச்சாம்பல் ரெபேக்காள் அரித்துக் கொடுத்தாள்.

ஆடி 1, சனி

நேற்று எழுதவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. இன்றும் படுத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

நேற்று வந்த ஆபீசர் ஒல்லியான மனுஷன், கண்ணாடி போட்டவர், பட்டணத்துப் பேச்சு. ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். ரெபேக்காள் நோட்டைக் கொடுத்தாள். முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, யார் எழுதியது என்றார். குற்றவாளியின் பெண்சாதி என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். ஆபீசர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை. பாவம் என்று நினைத்த மாதிரி இருந்தது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கயிறு புதுசு என்பது அவருக்கும் கண்ணால் தெரிந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டார். மேனேஜர், போன மாசம் என்றார்.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. ஷெட்டில் இன்னொரு வண்டி நின்றது, அதே மாதிரி டிரம். அதில் மண் பூசுகிறேன், அடிவாரம் வரை ஓட்டி வரட்டும், சாவடியில் நின்ற மாதிரி நிறுத்தட்டும், படுதாவை இறக்கட்டும், உள்ளே யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும். ஆபீசர் யோசித்தார். ஆள் வேண்டாம், ஒரு கோழியை வையுங்கள் என்றார்.

அப்படியே நடந்தது. எல்லார் முன்னாலும் பூசினேன். வண்டி போய் வந்தது. டிரைவர் ஆசனத்தில் கூடையில் கோழியை வைத்து, நான் மறுபடி விசிறி சுற்றினேன். ஆபீசர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது இன்ஸ்பெக்டர் சொன்னார், கோழி வெயிலுக்கும் சாகும், பயத்துக்கும் சாகும், இதை வைத்து நான் ஒருத்தனை விட முடியாது என்று. மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் படுதாவைத் தூக்கி உள்ளே ஏறினேன். யாரோ கூப்பிட்டார்கள். படுதாக் கயிற்றை உள்பக்கமாக முடிந்துவிட்டு ராவுத்தர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கோழி. முதலில் ஒன்றுமில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. கோழி இரண்டு தரம் கொட்டாவி விட்டது. வெளியே ரெபேக்காள் என்னைக் கூப்பிடுவது கேட்டது, குளத்துக்கு அக்கரையிலிருந்து கேட்கிற மாதிரி. கோழி கழுத்தைக் கூடை விளிம்பில் சாய்த்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை. தேவசகாயம் சொன்னது சரி. துடைத்து விட்ட மாதிரிதான் இருக்கிறது.

மீதி ரெபேக்காள் பார்த்தது. படுதாவைக் கத்தியால் அறுத்து இழுத்தார்களாம். தரையில் போட்டபோது என் முகம் செக்கச் செவேலென்று இருந்ததாம். ஆபீசர், பேர் என்ன என்று கேட்டாராம். நான் மாடசாமி என்றேனாம், அதையும் குழறலாக. இன்ஸ்பெக்டர் குனிந்து என் வாயை மோந்தாராம். நிமிர்ந்தாராம். மறுபடி குனிந்து இன்னொரு தரம் மோந்தாராம்.

கோழி செத்துவிட்டது.

ஆடி 2, ஞாயிறு

வாந்தி நின்றது. தலை மட்டும் கனக்கிறது.

ஆடி 3, திங்கள்

தேவசகாயத்தை விட்டுவிட்டார்கள். ஆபீசர் என்னிடம் பெருவிரல் ரேகை வாங்கினார். இனி நான் எந்த வண்டியின் டிரம்மையும் தொடக் கூடாது. ராவுத்தர் செத்ததற்கு என்னை விசாரிப்பார்கள், கூப்பிட்டால் வர வேண்டும். கம்பெனியிடம் கயிறு எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேண்டியதை அவர் பார்த்து எழுதிக்கொண்டாராம்.

ஆடி 5, புதன்

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. தேவசகாயமே ஷெட்டுக்குப் பின்னால் வந்து, வாரும் என்று கூட்டிப் போனார்.

சோறு தின்ற பிறகு அவர் பெண்சாதியிடம், அதை வாசி என்றார். ரெபேக்காள் முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். ஒரு வரி விடவில்லை. எழுதாதே என்று நான் சொன்னதும் வந்தது. அடுப்பு பூசினேன் என்றதும் வந்தது, பழைய கயிறு வைத்தேன் என்றதும். நான் சொன்ன பொய் அவள் வாயில் வரும்போது யாரோ ஊரார் பேசின மாதிரி இருந்தது. தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கம்பிக்குப் பின்னால் அவர் என்னிடம் கேட்டது வந்தபோது மட்டும் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தினாள். பிறகு, வாசி என்றார்.

முடிந்தது. அப்போது நான் சொன்னேன், நோட்டில் இல்லாதது ஒன்று இருக்கிறது என்று.

"சாவடியில மூடியத் தொட்டுப் பாத்தேன்னு சொன்னேன்லா. வெடிப்பு தெரிஞ்சது. மயிர்க்கோடு மாதிரி. எச்சில் தொட்டுத் தடவினேன். மலைக்கு மேல போயி அப்பிக்கிடலாம்னு இருந்தேன். உம்மட்ட சொன்னா, மூடுறதப் பத்தி எங்கிட்டயா கேக்கீருன்னு நான் சொன்னத வச்சுச் சிரிப்பீரேன்னு சொல்லல."

ரெபேக்காள் முகத்தை மூடிக்கொண்டாள். தேவசகாயம் எழுந்தார். என் கிட்டே வந்தார். கன்னத்தில் விழும் என்று காத்திருந்தேன். அவர் என் வட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தார். அந்த வீட்டில் என் வட்டிலை நான்தான் கழுவுவது. முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"எனக்கு வாசிச்சுக் காட்டியாச்சு. நான் உயிரோட வந்துட்டேன். ராவுத்தர் வீட்டுல இதை யாரு சொல்லுவா?"

கம்பெனியிலிருந்து யாரும் போகவில்லை. டிரைவர் குடித்திருந்தான் என்றுதான் அந்த வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடி 6, வியாழன்

நாளைக் காலை ரயிலில் கடையநல்லூர் போகிறேன். கூட வருகிறேன் என்றாள் ரெபேக்காள், வேண்டாம் என்றேன். அப்படியென்றால் நோட்டையாவது எடுத்துப் போங்கள், அந்த வீட்டில் யாராவது வாசிப்பார்கள், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாள். ஒரு துணியில் சுற்றிக் கையில் தந்தாள்.

அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு எல்லாம் கிழமையோடு நினைவிருக்கிறது. ராவுத்தர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாயால்தான் சொல்ல வேண்டும், வெடிப்பைப் பார்த்ததிலிருந்து ஆரம்பித்து.